சர்க்கரைத் துகள்களும் கால் கிலோ மைசூர் பருப்பும்

நீங்கள் திரையில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துத் துகள்கள் கட்டிக்கொண்டனவா என்று சொல்லிவிடுகிறீர்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டு, அடியில் கறுப்புக் காகிதம் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்போம். வெள்ளையாக வழவழவென்று ஓடினால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஓடும்போதே அதில் ரவை ரவையாகத் தெரிந்தால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எங்கள் கருவி அவ்வளவுதான். என் வேலை வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்தையும் மிகப் பெரிய சந்தோஷத்தையும் ஒரே வாரத்தில் அப்படிச் சாய்த்துத்தான் பார்த்தேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்த வாரத்தைச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளில் தீவின் மேற்கே பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் சேர்ந்தேன். கையில் பாலிடெக்னிக் டிப்ளோமா. பெயின்டைச் சுவரில் பிடித்து நிறுத்துவது அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள்தான். அவற்றைத் தண்ணீரில் சீராக மிதக்க வைப்பது எங்கள் தொழில். எண்பதுகளின் தொடக்கத்தில் நிறுவனம் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் திறந்தது. பெயின்டுக்குச் செய்கிற அதே உருண்டைகளை மருத்துவத்துக்குச் செய்ய முடியுமா என்று பார்க்கச் சொன்னார்கள். மொத்தம் ஐந்து பேர். அதில் நானும் ஒருத்தி.

யோசனை எங்கள் தலைவருடையது. அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சீனப் பெண்மணி. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டோம். முதல் நாளே பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி முள் முள்ளாக வரைந்தார். வட்டம் பிளாஸ்டிக் துகள், முட்கள் சர்க்கரை. நம் உடம்பின் செல்கள் மேல் பலவகைச் சர்க்கரைகள் ஒட்டியிருக்கின்றன. சில கிருமிகள் அதில் ஒரு வகையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. அந்தச் சர்க்கரையைத் துகள் மேல் ஒட்டிவிட்டால், கிருமி துகளையும் பிடிக்கும். ஒரு கிருமி பல துகள்களைப் பிடித்தால் அவை திரளும். திரண்டால் வெறும் கண்ணுக்குத் தெரியும். நோயாளியின் சிறுநீரை ஒரு தட்டில் விட்டு, சில நிமிடத்தில் கிருமி இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் புக்கிட் மேரா வரை எனக்கு இருப்பு கொள்ளவில்லை. பெயின்ட் செய்த கை நோயைக் கண்டுபிடிக்கப்போகிறது என்றால் யாருக்குத்தான் இருப்பு கொள்ளும்.

ஆனால் அந்தச் சர்க்கரை ஒட்டுவது லேசான காரியமாக இல்லை. பதினான்கு முறை தோற்றோம். ஒரு தடவை துகள் செய்யும் கலன் முழுக்க ரப்பராக இறுகிப்போய், காதர் அதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. காதர் என் வயதுக்காரன், கலனைப் பார்த்துக்கொள்பவன். எதற்கும் கலங்க மாட்டான், எங்கள் ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுவான். "கேக் ரெடி, ஜெசி. ஆனா வெட்டக் கத்தி இல்லலா" என்றான் என்னைப் பார்த்து, சுரண்டிக்கொண்டே. பதினைந்தாவது முறை வெள்ளையாக, கட்டியில்லாமல், அழகாக வந்தது.

சர்க்கரை உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் தொழிற்சாலைக்குள் கிருமியைக் கொண்டுவர அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக, ஒரு வகை அவரை விதையிலிருந்து எடுத்த புரதத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தோம். அந்தப் புரதமும் அதே சர்க்கரையைப் பிடிக்கும். கட்டை விரல் அளவு குப்பி, அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் தூள். மறுபடி வாங்க வேண்டுமென்றால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை அந்தப் புரதத்தை உப்புக் கரைசலில் கரைத்து, துகள் சொட்டில் விட்டுத் தட்டைச் சாய்த்தேன். அரை நிமிடத்தில் ரவை. நான் கத்தவில்லை, ஆனால் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். மறுபடி செய்தேன், மறுபடி ரவை. டாக்டர் என் தோளைத் தட்டினார். அவர் யார் தோளையும் தட்டி நான் பார்த்ததில்லை. பார்க்க வருபவர்களுக்கெல்லாம் செய்து செய்து காட்டினேன். மதியத்துக்குள் குப்பியில் இருந்த புரதம் முழுவதும் தீர்ந்தது. தலைமை அலுவலகத்துக்கு 'வெற்றி' என்று டாக்டரின் டெலெக்ஸ் செய்தி போயிற்று.

அந்த டெலெக்ஸுக்கு ஒரு காரணம் இருந்தது. வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வரவிருந்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தைத் தொடர்ந்து நடத்துவதா, மூடிவிட்டு எங்களைப் பெயின்டுக்கே திருப்பி அனுப்புவதா என்று அவர்கள்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.

செவ்வாய் காலை, விருந்தினர்களுக்காகத் தட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். சர்க்கரை ஒட்டாத வெறும் துகளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்று தோன்றியது. ஒரு சொட்டு வெறும் துகள், அதில் அதே உப்புக் கரைசல் ஒரு சொட்டு. புரதம் எதுவும் விடவில்லை, விடுவதற்கு மிச்சமும் இல்லை. சாய்த்தேன். அதுவும் ரவையாகத் திரண்டது.

காது மடல் சுட்டது. உப்புக் கரைசல் சீசாவைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே மூலையில் சின்னதாகப் 'பத்து மடங்கு' என்று எழுதியிருந்தது. தண்ணீர் விட்டுப் பத்தில் ஒரு பங்காக்கிப் பயன்படுத்த வேண்டிய கரைசல் அது. நான் அப்படியே ஊற்றியிருந்தேன். இவ்வளவு உப்பில் எந்தத் துகளும் திரண்டுவிடும். பெயின்ட் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்த சங்கதி. திங்கட்கிழமை நாங்கள் கொண்டாடியது சர்க்கரையை அல்ல, உப்பை.

காதரைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவன் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் தேநீரைக் கீழே வைத்தான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. உங்கிட்டதான் மொதல்ல."

"அப்ப கொஞ்சம் பொறு. வியாழன் போகட்டும். அவங்களுக்கு என்ன தெரியும், தட்டுல கட்டி தெரிஞ்சா போதும். அப்புறமா நாம சரி பண்ணிக்கலாம்லா."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஐந்து பேருடைய வேலையை நினைத்துச் சொன்னான். எனக்கும் அந்த நிமிடம் அது நியாயமாகத்தான் பட்டது. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் படும். தே ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை டாக்டர் அந்தத் தட்டைக் கையில் எடுத்து விளக்கப்போகிறார், அவருக்கு உண்மை தெரியாது, எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும். அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். முடியவில்லை.

எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"திங்கட்கிழமை பார்த்தது தப்பு, டாக்டர். உப்பு அதிகம். வெறும் துகளும் திரள்கிறது. தவறு என்னுடையது."

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"புரதம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?"

"கொஞ்சம்கூட இல்லை."

"சரி. டெலெக்ஸ் என் தவறு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வியாழக்கிழமைக்குள் என்ன செய்யலாம் என்று சொல்."

திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். வேலை கொடுத்துவிட்டார். வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, அந்தச் சர்க்கரையைப் பிடிக்கிற வேறு எது இருக்கிறது என்று யோசித்தேன். சில மாதங்களுக்கு முன் நூலகத்தில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். அவரை விதையில் இருப்பதைப் போன்ற புரதம் இன்னொரு பருப்பிலும் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பருப்பின் பெயரைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அது எது என்று உறைத்தது. ஓடிப் போய்க் காதரின் சட்டையைப் பிடித்தேன்.

"மைசூர் பருப்பு, காதர்."

"பசிக்குதா?"

"அதே சர்க்கரையைப் பிடிக்கிற புரதம் அதுல இருக்கு. ஊற வச்சு எடுத்துரலாம்."

"நம்ம சாப்பிடற பருப்பா? வேக வச்சு ஊத்திக்கிறோமே, அதா?"

"வேக வைக்கக் கூடாது. வெந்தா புரதம் செத்துடும். பச்சையா வேணும்."

டாக்டரிடம் சொன்னேன். "நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார். "நிச்சயம் இல்லை. ஆனால் ஒரே நாளில் தெரிந்துவிடும்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்படியானால் ஏன் இன்னும் இங்கே நிற்கிறாய்?"

காதரின் தாய்மாமாவுக்கு டெக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் மளிகைக் கடை. அங்கே போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மாமா மைசூர் பருப்பை அள்ளக் கையை நீட்டினார். நான் தடுத்தேன்.

"இதுல எண்ணெய் தடவியிருக்கா, மாமா?"

"லேசா தடவித்தான் வரும். பூச்சி வராதுல்ல."

"எண்ணெய் தடவாதது வேணும். வறுக்காதது. தோலோட முழுசா இருந்தா இன்னும் நல்லது. புதுசா வந்த மூட்டையா இருக்கணும்."

மாமா காதரைப் பார்த்தார். "என்னடா, இந்தப் பொண்ணு பருப்ப இன்டர்வியூ பண்ணுது?"

"வேலைக்கு எடுக்கப் போறோம் மாமா" என்றான் காதர்.

உள்ளே போய், பிரிக்காத மூட்டையிலிருந்து தோலோடு இருக்கும் முழுப் பருப்பைக் கால் கிலோ கட்டிக்கொண்டு வந்தார். அவர் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது என் மனதில் இன்னொரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. பருப்புத் தண்ணீர் பட்டுத் துகள் திரண்டால், அது சர்க்கரையால் என்று எப்படிச் சொல்வது? பருப்பில் ஆயிரம் சரக்கு இருக்கும். மறுபடி வேறு ஏதோ ஒன்றைக் கொண்டாடினால்?

அப்போதுதான் அவர் தலைக்கு மேல் அலமாரி கண்ணில் பட்டது. காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுக்கிற குளுக்கோஸ் தூள், டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது. இந்தப் புரதம் குளுக்கோஸையும் பிடிக்கும். துகள்கள் திரண்டபின் தட்டில் குளுக்கோஸ் தண்ணீரை விட்டால், புரதம் துகளை விட்டுவிட்டுக் குளுக்கோஸைப் பிடித்துக்கொள்ளும். திரண்டது கலையும். உப்பினால் திரண்டது கலையாது. பொய்யையும் மெய்யையும் பிரித்துக் காட்டும் பொருள் மளிகைக் கடை அலமாரியிலேயே இருந்தது.

"அந்த டப்பா ஒண்ணு கொடுங்க மாமா."

"வீட்ல யாருக்காவது முடியலையா?" என்றார் அக்கறையாக.

"ஆய்வுக்கூடத்துக்கே முடியல" என்றான் காதர்.

அன்று பிற்பகலே பருப்பை அரைத்து உப்புக் கரைசலில் ஊற வைத்தோம். கரைசலைச் சரியாகப் பத்தில் ஒரு பங்காக்கினேன். நான் அளந்ததைக் காதர் மறுபடி அளந்தான், நான் கேட்காமலே. குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். புதன் காலை துணியில் வடிகட்டி, இயந்திரத்தில் சுழற்றித் தெளிய வைத்ததும் மங்கலான மஞ்சள் தண்ணீர் கிடைத்தது. ஆய்வுக்கூடம் முழுக்கப் பச்சைப் பருப்பு வாசனை.

வெறும் துகளில் விட்டேன். திரண்டது. சர்க்கரைத் துகளில் விட்டேன், அதுவும் திரண்டது. காதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு என்னவோ அப்போது பயம் வரவில்லை. முந்தின நாள்தான் பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தேன், இது சின்ன மேடு. கசடு அதிகம், அவ்வளவுதான் என்று தோன்றியது. பருப்புத் தண்ணீரைப் பாதியாக நீர்த்தேன், அதையும் பாதியாக, அதையும் பாதியாக. ஒவ்வொரு தடவையும் இரண்டு தட்டு, இரண்டு சாய்ப்பு. வெறும் துகளில் ரவை குறைந்துகொண்டே வந்தது. நான்காவது முறை வெறும் துகள் வழவழவென்று ஓடியது. சர்க்கரைத் துகள் மட்டும் கட்டி கட்டியாக நின்றது.

இந்தத் தடவை நான் சத்தம் போடவில்லை. குளுக்கோஸ் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். காதர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். இரண்டு நிமிடம் எதுவுமில்லை. மூன்றாவது நிமிடம் கட்டிகளின் ஓரம் கரைந்தது. ஐந்தாவது நிமிடம் தட்டு முழுக்கச் சீரான வெள்ளை.

"டாக்டரக் கூப்பிடு" என்றேன். அவன் ஏற்கெனவே தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை வந்த மூவரில் வயதில் மூத்தவர் நெடிய வெள்ளைக்காரர், பசை விற்பனையில் தொடங்கி மேலே வந்தவர் என்றார்கள். டாக்டர் எடுத்தவுடனே சொன்னார்: "திங்கட்கிழமை டெலெக்ஸில் நான் எழுதியது தவறு. எப்படித் தவறானது என்பதை முதலில் காட்டுகிறோம். எது சரி என்பதை அப்புறம் காட்டுகிறோம். இவர் கண்டுபிடித்தார், இவரே செய்து காட்டுவார்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவர் கண்டுபிடித்தார் என்றுதான் சொன்னார். தவறு செய்ததும் இவர்தான் என்பதைச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

இரண்டு தட்டுகளை வைத்தேன். ஒன்றில் உப்பால் திரண்ட துகள், இன்னொன்றில் பருப்பால் திரண்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"கட்டியாகும் எதையும் நான் நம்புவதில்லை" என்றார் மூத்தவர். "முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். கட்டியாவதற்கு எந்தக் காரணமும் தேவையில்லை."

"அப்படியானால் நீங்களே விடுங்கள்" என்று குளுக்கோஸ் சொட்டுக் குழாயை அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தட்டிலும் விட்டு, இரண்டையும் கைக்கொன்றாக ஏந்திச் சாய்த்தார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு. கூட வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூத்தவர் பார்க்கவில்லை. அவர் முகம் தட்டுக்கு மிக அருகில் போய்விட்டது. நான்காவது நிமிடம் அவர் வலது கையில் இருந்த பருப்புத் தட்டு கலைந்து ஓடத் தொடங்கியது. இடது கையில் இருந்த உப்புத் தட்டு அசையவில்லை.

"இன்னொரு தட்டு" என்றார். கொடுத்தேன். அதையும் கலைத்துப் பார்த்தார். இன்னொன்று கேட்டார். ஆறு தட்டு ஆனபின்தான் நிமிர்ந்தார்.

"இந்தப் புரதம் எந்த நிறுவனத்திடம் வாங்கினீர்கள்?"

"டெக்கா" என்றான் காதர்.

"ஜப்பான் நிறுவனமா?"

டாக்டர் சிரித்து நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எங்களுக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னதற்குப் பரிசாகக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தட்டு கலையாமல் போயிருந்தால் உண்மையைச் சொல்லிவிட்டு நேரே பெயின்டுக்குத்தான் போயிருப்போம். ஆனால் உண்மையைச் சொன்னதால்தான் பருப்பைத் தேடினேன். தேடியதால்தான் குளுக்கோஸ் கண்ணில் பட்டது. திங்கட்கிழமைத் தட்டையே வியாழக்கிழமையும் காட்டியிருந்தால், நாங்கள் செய்த துகள் உண்மையிலேயே நல்ல துகள் என்பது எங்களுக்கே தெரியாமல் போயிருக்கும். சர்க்கரை திங்கட்கிழமையும் அங்கேதான் ஒட்டியிருந்தது.

அந்தப் பரிசோதனை கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. ஒரே நோயைத் தரும் கிருமிகளிலும் சில அந்தச் சர்க்கரையைப் பிடிக்கின்றன, சில பிடிப்பதில்லை. பாதி நோயாளிகளுக்கு மட்டும் சரியாகச் சொல்லும் பரிசோதனையை மருத்துவரிடம் கொடுக்க முடியாது. அது எங்களுக்கு இரண்டாவது வருடம்தான் புரிந்தது. துகள் மேல் சர்க்கரையை ஒட்ட வைக்கும் முறை மட்டும் வேறு வேலைகளுக்குப் போயிற்று. அந்த வேலைகளில் சிலவற்றைத்தான் இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் அது புரிவதற்கு முன், உண்மையான கிருமியை முதன்முதலாகப் பார்த்த ஒரு நாள் இருக்கிறது. ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளர்த்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். டாக்டரும் நானும் துகள் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். வெறும் துகளை முதலில் வைத்தேன், ஓடியது. சர்க்கரைத் துகளை வைத்தேன், திரண்டது. அதே சர்க்கரையைக் கரைத்த தண்ணீர் விட்டேன், கலைந்தது. உயிருள்ள ஒன்று, எங்கள் கலனில் பிறந்த பிளாஸ்டிக் உருண்டையை உடம்பின் செல் என்று நம்பி வந்து பிடித்திருந்தது. நன்றி சொல்லி, குறிப்பேட்டில் எழுதி, கையைக் கழுவிக்கொண்டு டாக்சியில் ஏறினோம். டாக்டர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கிளமெண்டி பகுதியைத் தாண்டும்போது திடீரென்று முன்னால் சாய்ந்து ஓட்டுநரிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். ஓட்டுநர் திரும்பி, நிஜமாகவா என்பதுபோலப் பார்த்தார்.

"ஏதாவது மறந்துவிட்டீர்களா, டாக்டர்?" என்றேன்.

"இல்லை" என்றார். "இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்."

ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார்.